திருகோணமலையில் சின்ன நாய் வளர்க்கப் போகிறவர்களுக்கு: குரைப்பு, மூத்திரம், கடி, கடதாசி வேலை

எங்கள் வீட்டுச் சீனி ஒரு ஷிட்சு. இப்போது இரண்டரை வயது, ஐந்தரைக் கிலோ. பார்ப்பவர்கள் எல்லாம் "என்ன அமைதியான பிள்ளை" என்கிறார்கள். முதல் எட்டு மாதம் நாங்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. ஹோலில் மூத்திர மணம், மதிலுக்கு அந்தப் பக்கத்து அக்காவின் முறைப்பாடு, கணவர் கதிரையில் வந்து உட்கார்ந்தால் என் மடியிலிருந்து ஓர் உறுமல். பாதிப் பிழை எங்களுடையது. "சின்னதுதானே" என்று விட்டுவிட்டோம். இதையெல்லாம் ஒரு பெரிய நாய் செய்திருந்தால் இரண்டாம் நாளே ஏதாவது செய்திருப்போம்.

ஷிட்சு, பொமரேனியன், மால்டீஸ், டாஷண்ட் எதுவானாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வரிசையாகச் செய்தால் செலவும் குறையும், தலையிடியும் குறையும்.

1. குட்டி வாங்கும் மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்த நிறம், எந்த இனம் என்பதைவிட எந்த மாதம் என்பதுதான் எங்கள் ஊரில் முக்கியம். நாங்கள் சீனியைக் கார்த்திகையில் கொண்டுவந்தோம். திருமலையில் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் மாரி. முற்றம் முழுக்கத் தண்ணீர். ஒன்றரை மாதக் குட்டி நனைந்த புல்லில் கால் வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. வெளியே போகப் பழக வேண்டிய வயதில் அது கட்டிலுக்கு அடியில் போகப் பழகிக்கொண்டது.

இப்போது வாங்குவதாக இருந்தால் மழை விட்ட பிறகு, மாசி முதல் வாரமளவில் கொண்டுவருவேன். முற்றம் காய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. சித்திரைப் புத்தாண்டு வெடிக்கு முன் குட்டியைத் தயார்படுத்த இரண்டு மாதம் கிடைக்கும். தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டும் கொண்டுவராதீர்கள்.

வயது எட்டு வாரத்துக்குக் குறையக் கூடாது. "45 நாள் ஆச்சு, தாய் பால் விட்டிட்டுது, எடுத்துக்கொண்டு போங்கோ" என்று விற்பவர் சொல்வார். எங்களிடமும் சொன்னார், நம்பினோம். எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளோடு விளையாடித்தான் படிக்கிறது. அந்த ஒன்றிரண்டு வாரத்தைப் பறித்தால் அந்தப் பாடத்தை உங்கள் கைவிரலில் நடத்த வேண்டிவரும்.

வீடியோவில் மட்டும் பார்த்து முற்பணம் அனுப்ப வேண்டாம். தாய் நாயை நேரில் பாருங்கள். தாய் கூட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டோ, ஆளைக் கண்டதும் பாய்ந்துகொண்டோ இருந்தால் அந்தக் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். கொழும்பிலிருந்து கொண்டுவருவதானால் குறைந்தது ஆறு மணித்தியாலப் பயணம். பயணத்துக்குச் சற்று முன் சாப்பாடு கொடுக்காதீர்கள். மடியில் பழைய துவாய் இரண்டு இருக்கட்டும், வழியில் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

2. முதல் பத்து நாளில் கடதாசி வேலையை முடியுங்கள்

குட்டியோடு கைக்கு வர வேண்டியது தடுப்பூசி அட்டை. அதில் ஊசி மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாள், திகதி, வைத்தியரின் கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்க வேண்டும். பூச்சி மருந்து கொடுத்த திகதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வம்சாவளிச் சான்றிதழுக்கென்று கூடுதல் காசு கேட்டால் அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகே காசு கொடுங்கள். "பிறகு அனுப்புறன்" என்றது எங்களுக்கு இன்னும் வரவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று எட்டு வாரக் குட்டிக்கு யார் சொன்னாலும் அது உண்மையாக இருக்க முடியாது. பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய தொற்றுநோய்களுக்கான கூட்டு ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை போக வேண்டும். விசர்நாய்க்கடித் தடுப்பூசி தனி. முதல் ஊசியின் திகதியை வைத்தியர் குறித்துத் தருவார். அதற்குப் பிறகு வருடாவருடம் போட வேண்டும். இந்த ஊசியைச் சுகாதாரத் திணைக்களம் ஊர் ஊராக முகாம் வைத்து இலவசமாகவே போடுகிறது. அடுத்த முகாம் எப்போது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள். அங்கே தரும் அட்டையைத் தொலைக்காதீர்கள்.

அந்த அட்டை கையில் வந்ததும் நாயைப் பதிவு செய்ய வேண்டும். நாய்ப் பதிவு சட்டப்படி உள்ளூராட்சி சபையின் வேலை. நகருக்குள் இருந்தால் நகரத்துச் சபைக்கும், உப்புவெளி போன்ற இடமானால் பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்கும் போங்கள். நான் கொண்டுபோனவை ஊசி அட்டை, அடையாள அட்டைப் பிரதி, முகவரிக்கு ஒரு மின்சாரப் பட்டியல், நாயின் படம். காலை ஒன்பதுக்கு முன் போனால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடியும். எல்லாக் கடதாசியையும் போனில் படம் பிடித்து வைத்திருங்கள். உங்கள் நாய் யாரையாவது கீறிவிட்டால் முதலில் கேட்கப்படுவது அந்த ஊசி அட்டைதான்.

என் மிகப் பெரிய பிழையும் இந்தக் காலத்தில்தான் நடந்தது. ஊசி முடியவில்லை, பார்வோ வந்துவிடும் என்று பயந்து நான்கு மாதம் வரைக்கும் சீனியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தேன். மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைக்கும் குட்டி எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ, அதைத்தான் வழமையானது என்று எடுத்துக்கொள்ளும். சீனி அந்த வயதில் பார்த்தது நான்கு சுவர், மூன்று பேர். அதற்குப் பிறகு குடை பிடித்தவர், தாடி வைத்தவர், ஹெல்மெட் போட்டவர் எல்லாரும் அதற்கு எதிரிதான்.

நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். தரையில் விடாமல் கையிலோ கூடையிலோ தூக்கிக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் சந்தை வாசல், பத்து நிமிடம் பஸ் நிலையம், பள்ளிக்கூடம் விடும் நேரம். பார்க்கட்டும், கேட்கட்டும், ஒரு துண்டுக் கோழி வாயில் போகட்டும், திரும்பி வாருங்கள். ஊசி போட்ட, சுகமான நாய் உள்ள நண்பர் வீட்டுக்கும் போய்வரலாம். தெரு நாய்கள் நடமாடும் மண்ணில் மட்டும் இறக்கக் கூடாது.

3. மூத்திரப் பழக்கம்: கடிகாரம்தான் வாத்தியார்

சின்ன நாய்களைப் பழக்குவது கஷ்டம் என்று சொல்வார்கள். மூத்திரப்பை சின்னது என்பது உண்மை. ஆனால் அது விடும் மூத்திரமும் சின்னது என்பதால் நாம் கவனிப்பதில்லை, அதுதான் கூடுதல் காரணம். அலுமாரிக்குப் பின்னால் மூன்று நாள் போனது நாலாம் நாள்தான் மணக்கும். அதற்குள் குட்டி அந்த இடத்தைக் கழிப்பறை என்று முடிவு செய்துவிடும்.

குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டுங்கள். பகலில் ஆகக்கூடியது அத்தனை மணித்தியாலம்தான் அடக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம் என்றால், நீங்கள் இரண்டுக்கே வெளியே கொண்டுபோக வேண்டும். அதோடு நித்திரையால் எழும்பியவுடன், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்தில், விளையாடி முடிந்ததும். இரவு இரண்டு மணிக்கு ஒரு அலாரம். ஆம், நானும் அழுதேன். மூன்று நான்கு வாரம்தான்.

வெளியே போகும்போது தூக்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் விறாந்தையிலேயே முடித்துவிடும். ஒரே கதவு, ஒரே மூலை. அங்கே போய் வாய் பேசாமல் நில்லுங்கள். மூத்திரம் இருந்து முடித்த அதே நொடியில் பாராட்டி ஒரு துண்டு சாப்பாடு கொடுங்கள். உள்ளே வந்து குசினியில் கொடுத்தால் குசினிக்கு வந்ததற்குப் பரிசு என்றுதான் அதற்கு விளங்கும்.

மழைக்காலத்துக்கு இரண்டாவது இடம் ஒன்று தேவை. பின் விறாந்தையில் கூரைக்குக் கீழே, விளிம்புள்ள அகலமான பிளாஸ்டிக் தட்டில் பழைய பேப்பர் நாலு மடிப்பு. மேலே முதல் நாள் நனைந்த பேப்பரில் ஒரு சின்னத் துண்டு. அந்த மணம்தான் விளம்பரப் பலகை. மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். ஆனால் வேலை செய்தது.

வீட்டுக்குள் மூத்திரம் இருந்துவிட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து அது படிப்பது ஒன்றுதான்: உங்களுக்கு முன்னால் இருக்கக் கூடாது. பிறகு வெளியே கொண்டுபோனாலும் உங்கள் முன்னால் இருக்காது, ஒளித்துத்தான் இருக்கும். இரண்டு வாரம் சீனி அப்படி ஒளித்ததற்கு நாங்கள்தான் காரணம்.

துடைப்பதற்கு அமோனியா உள்ள திரவங்கள் கூடாது. அந்த மணம் நாய்க்கு மூத்திரம் மாதிரியே படும், திரும்பவும் அங்கேயே வரும். பினைல் நாயின் உடம்புக்கே கூடாது. வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து துடைத்துக் காயவிடுங்கள்.

சிலது ஆள் வந்த சந்தோஷத்தில் நின்ற இடத்திலேயே விட்டுவிடும். அது பழக்கக் கேடு அல்ல. ஏசாமல், குனிந்து தலையைத் தடவாமல், ஒரு நிமிடம் கவனிக்காமல் இருங்கள். வயது ஏற ஏறப் பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

4. தனியே இருக்கப் பழக்குவது

டாஷண்டை விட்டால், மடியில் இருப்பதற்காகவே வளர்த்தெடுத்த இனங்கள் இவை. தனிமை அதற்கு இயல்பாக வராது, பழக்க வேண்டும். நான் மூன்று வாரம் லீவு எடுத்துக் குட்டியோடேயே இருந்தேன், நாலாம் வாரம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு மாலை மதிலுக்கு மேலால் அக்கா எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, குறை நினைக்காதீங்க, காலமையிலிருந்து ஒரே ஊளை. எங்கட அம்மாவுக்கு வருத்தம், கண் மூடேலாம இருக்கு."

லீவு எடுப்பது நல்லதுதான், ஆனால் முதல் வாரத்திலிருந்தே பிரிவைப் பழக்குங்கள். அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் 30 விநாடி. அழமுன் திரும்பி வாருங்கள். அப்புறம் இரண்டு நிமிடம், ஐந்து, பதினைந்து. படலைக்கு வெளியே போய்ச் சந்திக் கடை வரைக்கும் ஒரு நடை. ஒரு மணித்தியாலத்துக்கு வர எங்களுக்கு ஐந்து வாரம் போனது. எந்தப் படியில் அழுகிறதோ, அதற்கு முந்திய படிக்கு இறங்குங்கள்.

போகும்போது கொஞ்சிப் பிரியாவிடை சொல்ல வேண்டாம். வந்ததும் கதவிலேயே கட்டிப்பிடிக்க வேண்டாம். சாவியை எடுத்தாலே அழும் நாய் என்றால், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருங்கள். போகும் நேரத்தில் பழைய துவாய்க்குள் அதன் சாப்பாட்டைத் தூவிச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். அவிழ்த்துத் தின்ன இருபது நிமிடம் போகும். யாரோ சொன்னார்கள் என்று நான் சிரட்டையில் வைத்துக் கொடுத்தேன். அதைக் கடித்து உடைத்துத் துண்டை விழுங்கப் பார்த்தது. சிரட்டை வேண்டாம்.

நீங்கள் இல்லாதபோது என்ன நடக்கிறது என்று பார்க்கப் பழைய போன் ஒன்றை அலுமாரியில் வைத்துப் பதிவு செய்யுங்கள். பத்து நிமிடம் முனகிவிட்டுப் படுத்தால் பயமில்லை. வாயால் வீணீர் ஒழுக, கதவைக் கீறிக்கொண்டு மணிக்கணக்காக நின்றால் அது வெறும் குழப்படி இல்லை. கால்நடை வைத்தியரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள். இன்னொரு நாய் துணைக்கு வாங்கினால் சரியாகும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து ஊளையிடும்.

5. குரைப்பு

முதல் ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எதைப் பார்த்து, எவ்வளவு நேரம். எங்கள் பட்டியல் இது: காலை ஆறரைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண்கார ஓட்டோ, ஏழுக்குக் காகம், பகலில் படலைக்குக் கீழால் தெரியும் கால்கள், மாலையில் எனக்கு முன்னால் நின்று பிஸ்கட்டுக்கு. அப்புறம் மான்.

மற்ற ஊர்க்காரருக்கு இது விளங்காது. கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் எங்கள் ஊரில் தெருவுக்கும் வரும், குப்பைத் தொட்டியையும் கிளறும். முதல் தடவை ஒரு மான் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து நின்றபோது சீனி ஐந்து விநாடி வாயடைத்து நின்றது. பிறகு முக்கால் மணித்தியாலம் நிறுத்தவில்லை.

கண்ணுக்குத் தெரிந்து குரைப்பதற்கு மருந்து, தெரியாமல் செய்வது. படலையின் கீழ்ப்பாதிக்கு ஒரு பழைய தகரம் அடித்தோம். அந்தக் குரைப்பில் பாதி அன்றைக்கே போனது. காதில் கேட்டுக் குரைப்பதற்கு, "போதும்" என்று ஒரு தடவை அமைதியாகச் சொல்லி, உங்கள் பக்கம் கூப்பிட்டு, வாய் மூடி மூன்று விநாடி இருந்ததும் ஒரு துண்டு கொடுங்கள். பிறகு ஐந்து விநாடி, பிறகு பத்து. "வாயை மூடு, வாயை மூடு" என்று நாம் கத்தினால் நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அது நினைக்கும்.

கேட்டுக் குரைப்பது வேறு வகை. சாப்பாட்டுக்கும் மடிக்கும் குரைத்தால் கொடுக்கவே கூடாது, பார்க்கவும் கூடாது. எழுந்து போய்விடுங்கள். ஓய்ந்த பிறகு கொடுங்கள். முதல் மூன்று நான்கு நாள் முன்னைவிட மோசமாகக் குரைக்கும், ஏனென்றால் இதுவரை வேலை செய்த முறை அது. அந்த நாலாம் நாள் தாங்காமல் மாமி ஒரு மலிபன் பிஸ்கட்டை எறிந்தார். அதோடு எல்லாம் முதலிலிருந்து. ஆகவே வீட்டில் உள்ள எல்லாரையும் இருத்தி வைத்துப் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

குரைக்கும்போது தூக்கிக் கொஞ்சாதீர்கள். கழுத்தில் மின்சாரம் பாய்ச்சும் பட்டிகளை வாங்காதீர்கள், பயத்தில் குரைக்கும் நாய்க்கு அது பயத்தைக் கூட்டும். இன்னொன்று: வாத்து கத்துவது மாதிரி வறட்டு இருமல் இழுத்தால் அது குரைப்பல்ல. சின்ன இனங்களில் மூச்சுக்குழாய் நலிவது சாதாரணம். அப்படி இருமினால் வைத்தியரிடம் காட்டுங்கள். எப்படியானாலும் கழுத்துப்பட்டியில் சங்கிலி கொளுவாமல் மார்புப் பட்டி போடுங்கள்.

பக்கத்து வீட்டாரிடம் நீங்களே முதலில் போங்கள். "பழக்கிக்கொண்டிருக்கிறோம், இரண்டு மாதம் பொறுங்கோ" என்று சொல்லிப் போன் இலக்கத்தைக் கொடுங்கள்.

6. கடியும் உறுமலும்

நான்கு மாதத்திலிருந்து ஏழு மாதம் வரைக்கும் பால்பல் விழுந்து பல் முளைக்கும், அதனால் எல்லாவற்றையும் கடிக்கும். கை கால்தான் விளையாட்டுச் சாமான் என்று பழக்காதீர்கள். பல் பட்டதும் விளையாட்டை நிறுத்தி எழுந்து போங்கள், அரை நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். ஈரத் துணியை முறுக்கி ஐஸ்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்குச் சுகம்.

மடிக் காவல்தான் சின்ன நாயின் தனி வியாதி. மடியில் இருந்துகொண்டு வருகிறவரைப் பார்த்து உறுமும். எல்லாரும் சிரிப்பார்கள், வீடியோ எடுப்பார்கள். நாங்களும் எடுத்தோம். உறுமிய அதே நேரத்தில் ஏசாமல், பேசாமல் எழுந்து நில்லுங்கள். மடி இல்லாமல் போகும். கொஞ்ச நாள் மடி, கட்டில், சோபா மூன்றும் நீங்கள் கூப்பிட்டால் மட்டும் என்று வையுங்கள். உறுமல் வாங்கியவர் வரும்போதெல்லாம் ஒரு துண்டு சாப்பாடு போட்டுவிட்டுப் போகட்டும். கணவர் ஒரு மாதம் சேர்ட் பையில் அவித்த கோழியோடு திரிந்தார்.

வாயில் எதையாவது கவ்வியிருந்தால் பிடுங்காதீர்கள், அதைவிட நல்லதைக் காட்டி மாற்றுங்கள். உறுமியதற்காக அடிக்கவும் கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும்.

பிள்ளைகள் உள்ள வீடானால், சாப்பிடும்போதும் நித்திரையிலும் தொடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கான சட்டம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையையும் நாயையும் ஒரே அறையில் தனியே விடாதீர்கள். நாய் சின்னதானாலும் பிள்ளையின் முகம் அதன் வாய்க்கு நேரே இருக்கிறது.

பல் பட்டுத் தோல் கிழிந்தால் யார் நாயானாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் பூசாதீர்கள்.

7. சீப்பு, குளிப்பு, நகம்

ஷிட்சு, மால்டீஸ் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊர்ப் புழுக்கத்திலும் உப்புக் காற்றிலும் இரண்டு நாள் சீப்பு படாவிட்டால் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் சிக்கு விழும். சிக்கு இழுபட்டால் வலிக்கும், வலித்தால் கடிக்கும், கடித்தால் நீங்கள் சீப்பை விட்டுவிடுவீர்கள். இப்படித்தான் சீனி ஆறு மாதத்தில் ஒரே கம்பளித் துண்டாகி, கடைசியில் மயக்க மருந்து கொடுத்து வெட்ட வேண்டிவந்தது.

வந்த முதல் நாளிலிருந்து தினமும் இரண்டு நிமிடம். முதல் வாரம் சீப்பே வேண்டாம். காலைத் தொட்டு ஒரு துண்டு, காதைத் தூக்கி ஒரு துண்டு, வாயைத் திறந்து ஒரு துண்டு. பிறகு சீப்பின் பின்பக்கம். முடியைக் குட்டையாகவே வைத்திருங்கள், ஆனால் வெயில் என்று தோல் தெரிய வழிக்க வேண்டாம், தோல் எரியும். குளிப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, நாய்க்கான ஷாம்பூவில். வேர் வரைக்கும் உலர்த்த வேண்டும்.

8. வெடிக்கும் இடிக்கும்

தீபாவளி, டிசம்பர் 31 இரவு, சித்திரைப் புத்தாண்டு. இவை நாட்காட்டியில் இருப்பவை. கோயில் திருவிழா, கிரிக்கெட் வெற்றி, பிரேத ஊர்வலம் இவற்றுக்கு முன்னறிவிப்பு இல்லை. ஐப்பசியில் பின்னேர இடி வேறு.

ஒரு மாதம் முன்பே போனில் வெடிச்சத்தத்தை மிகக் குறைவாகப் போட்டுக்கொண்டு சாப்பாடு கொடுங்கள். சில நாளுக்கு ஒரு தடவை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். அன்றைக்கு இருட்டமுன் வெளியே கொண்டுபோய் வந்துவிடுங்கள். யன்னல் இல்லாத உள்ளறை, மின்விசிறி முழு வேகம், ரேடியோ. பயந்து வந்து ஒட்டினால் அணைத்துக்கொள்ளுங்கள், அணைப்பதால் பயம் வளராது. கட்டிலுக்கடியில் போனால் இழுக்காதீர்கள். மனிதருக்கான நித்திரைக் குளிசை, பனடோல் எதுவும் கொடுக்கக் கூடாது. பனடோல் நாய்க்கு நஞ்சாகலாம். மிகவும் பயப்படும் நாய்க்கு வைத்தியர் முறையாக மருந்து தருவார், ஆனால் இரண்டு வாரம் முன்பே போய்க் கேட்க வேண்டும். முதல் நாள் மாலை போனால் கடை பூட்டியிருக்கும்.

ஓடித் தொலைவதும் இந்த இரவுகளில்தான். பட்டியில் உங்கள் போன் இலக்கம் பொறித்த தகடு இருக்கட்டும்.

9. தெருவுக்குக் கொண்டுபோவது

காலை ஆறரைக்கு முன், மாலை ஆறுக்குப் பின். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தார் வீதி அடுப்பு மாதிரி. புறங்கையை ஏழு விநாடி தாரில் வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்க முடியாது. ஷிட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு வெயில் உயிராபத்து. "நடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்குது" என்று இழுக்குமுன் நாக்கையும் மூச்சையும் பாருங்கள். இரைப்பு அடங்காவிட்டால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள்.

கட்டாக்காலி நாய் வந்தால் கத்திக்கொண்டு தூக்காதீர்கள். தூரத்தில் கண்டதுமே வளைந்து வேறு பக்கம் போங்கள். கிட்ட வந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவில் நின்று குடையை விரியுங்கள். குடை படக்கென்று விரிந்தால் பெரும்பாலான தெரு நாய்கள் பின்வாங்கும். நான் மழை இல்லாத நாளிலும் குடையோடுதான் போகிறேன். குடைக்கு உங்கள் நாயே பயப்படாமல் இருக்க வீட்டில் முதலில் பழக்குங்கள்.

நாய் மேலில் பட்டால் கழுவ வேண்டும் என்ற வழக்கம் உள்ளவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். எதிரே ஆள் வந்தால் சங்கிலியைக் குறுக்கி ஓரமாக நில்லுங்கள். "ஒண்டும் செய்யாது" என்பது பதில் இல்லை.

கடற்கரைக்கு ஒரு எச்சரிக்கை. கரைவலை இழுத்த பிறகு வேண்டாத மீனை மணலில் போட்டுவிட்டுப் போவார்கள். அதில் பேத்தை மீனும் கிடக்கும். அது காய்ந்தாலும் நஞ்சுதான். உப்புவெளிப் பக்கம் காலையில் போவதானால் சங்கிலியைக் கழற்ற வேண்டாம், குடிக்க நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். கடல் தண்ணீர் குடித்தால் வாந்தி, வயிற்றோட்டம்.

10. செலவும், வைத்தியரும்

எனக்கு முதல் வருடம் ஆனதைச் சொல்கிறேன், இடத்துக்கு இடம் மாறும். குட்டி 85,000 ரூபா. கூட்டு ஊசி மூன்றும் வைத்தியர் கட்டணமும் சேர்ந்து 14,000 அளவில். மயக்கி முடி வெட்டியது 9,000, அது வீண் செலவு. சாப்பாடு மாதம் 5,000. கருத்தடைக்கு 18,000. மார்புப் பட்டி, தட்டு, சீப்பு எல்லாம் 7,000. கடித்த செருப்புகளைக் கணக்கில் எடுக்கவில்லை. குட்டி வாங்க வைத்திருக்கும் காசு அளவுக்கு இன்னொரு பங்காவது கையில் இல்லாவிட்டால் இந்த வருடம் வாங்காதீர்கள்.

கடைசியாக, பழகிய நாய் திடீரென்று மாறினால் பழக்கத்தைத் திருத்த வெளிக்கிடாதீர்கள். இரண்டாம் வயதில் சீனி திரும்பவும் ஹோலில் மூத்திரம் இருக்கத் தொடங்கியது. ஒரு வாரம் ஏசினோம். பார்த்தால் மூத்திரப்பையில் கல். ஷிட்சுக்களுக்கு அது வருவது உண்டு. தொட்டால் கடிக்கிறது என்றால் காதோ பல்லோ முதுகோ வலிக்கலாம். ஏழு மாதமாகியும் பால்பல் விழாமல் இரட்டைப் பல்லாக நின்றால் பிடுங்க வேண்டும். சோர்ந்து படுத்து, சாப்பிடாமல், காய்ச்சலும் இருந்தால் உண்ணியைத் தேடுங்கள், உண்ணிக் காய்ச்சல் எங்கள் பக்கம் சாதாரணம்.

உள்ளூர் வைத்தியர் மேலே அனுப்பினால் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறமுன் கண்டியைப் பிடிக்கலாம். ஊசி அட்டை, பழைய மருந்துச் சிட்டைகள், கல் என்று சந்தேகமானால் அன்றைய மூத்திரம் ஒரு சுத்தமான போத்தலில், இவற்றைக் கொண்டுபோங்கள். சீனியின் மூத்திரத்தைப் பிடிக்க நான் கரண்டியோடு முற்றத்தில் அரை மணித்தியாலம் பின்னால் திரிந்தேன். தட்டில் பேப்பருக்குப் பதில் வெறும் பிளாஸ்டிக் தாள் விரித்தால் இரண்டு நிமிட வேலை என்று அங்கே போன பிறகுதான் ஒருவர் சொன்னார்.